பிரஷர் என்று சொல்லிக்கொண்ட வருஷம்

எனக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது என் மனைவியின் முழங்கால் வலியால் தெரியவந்தது. தொண்ணூறுகளின் கடைசி. திருவண்ணாமலையில் தேரடித் தெருப் பக்கம் இருந்த எங்கள் டாக்டரின் கிளினிக்குக்கு அவளுக்குத் துணையாகப் போயிருந்தேன். கூப்பிட நேரமாகும் போலிருந்தது. கையில் வேலையில்லாத நர்ஸம்மா, "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, கைய நீட்டுங்க" என்று பட்டையைச் சுற்றினார். பாதரசத்தை ஏற்றி இறக்கினார். மறுபடி ஏற்றி இறக்கினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய் டாக்டரையே அழைத்துவந்துவிட்டார். நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து. முழங்காலை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. அதற்காக அவள் என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

என் அப்பா நாற்பத்தொன்பது வயதில் குளியலறையில் விழுந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நான்காம் நாள் போய்விட்டார். அவருக்கும் இதே நோய்தான். எனக்கு அப்போது நாற்பத்தாறு. ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். வீட்டுக்கு வந்தால் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். நாற்பத்தொன்பதில் நாற்பத்தாறு போனால் மூன்று என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். "உப்பக் கொறைங்க, நடங்க, ஒண்ணும் ஆவாது" என்றார். இதில் கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் நம்பவில்லை.

மறுவாரமே பாதரசக் கருவி ஒன்று வாங்கினேன். காதில் மாட்டிக் கேட்க மனைவிக்குக் கற்றுக்கொடுத்தேன். எழுந்ததும் ஒரு தடவை, காப்பிக்கு முன், காப்பிக்குப் பின், அலுவலகம் கிளம்பும்போது, திரும்பியதும் என்று நாளுக்கு ஒன்பது தடவை பார்ப்போம். ஒவ்வொரு தடவையும் அதிகமாகவே காட்டும். அதிகமாகக் காட்டுகிறதே என்ற பயத்தில் உடனே மறுபடி பார்த்தால் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். ஒருநாள் அவள் கருவியை மூடிவைத்துவிட்டு, "இது பிரஷரைப் பாக்கற மெஷின் இல்லீங்க, பிரஷரை ஏத்தற மெஷின்" என்றாள். என் கட்டுரைகளில் நான் எழுதியிருக்க வேண்டிய வரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைத்தான் நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

பிறகு ஊரின் வரைபடம் எனக்குள் மாறிப்போனது. எந்தத் தெருவில் மருந்துக்கடை, எங்கே கிளினிக், எது எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது அத்துப்படி. பௌர்ணமிக்கு எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடித்து வந்து ஜனங்கள் மலையைச் சுற்றுகிறார்கள். உள்ளூர்க்காரனான நான் அந்த வருஷம் சுற்றவில்லை. பக்தி குறைந்து அல்ல. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் அறைகளைத் தாண்டிவிட்டால் வெகுதூரத்துக்கு மருந்துக்கடை கிடையாது. வழியெல்லாம் லிங்கம் உண்டு, டாக்டர் இல்லை. அங்கே விழுந்தால் முக்தி கிடைக்கும் என்றார் அலுவலக நண்பர் ஒருவர். அந்த அவசரம் எனக்கு இல்லை.

அவசரம் இல்லை என்று சொல்கிறேன். அதுவும் முழு உண்மையல்ல. ஆறேழு மாதத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. காலையில் கண் விழித்ததும் இன்னொரு நாள் வந்துவிட்டதே என்றிருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அலுவலகத்தில் கோப்பைத் திறந்தால் முதல் வரியை நாலு தடவை படித்துவிட்டு மூடிவிடுவேன். ஒரு வாரப் பத்திரிகையின் தீபாவளி மலருக்குக் கேட்டிருந்த கட்டுரையில் தலைப்பு மட்டும் எழுதினேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாவதற்குப் பயம்; இருக்கவும் மனமில்லை. ஒரே ஆள் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது தர்க்கத்துக்கு ஒத்துவராது என்று எனக்கே தோன்றும். தோன்றி என்ன பயன்?

எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் இருந்தது. "சாருக்குப் பிரஷர்." கோபப்பட்டால் பிரஷர். பேசாமல் இருந்தால் பிரஷர். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போகாவிட்டால், "பாவம், பிரஷரு" என்று அவர்களே எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். மரியாதையான நோய் அது. அதைச் சொல்லி மாத்திரை போட்டால் நாலு பேர் முருங்கைக்கீரையும் பூண்டும் சொல்வார்கள். யாரும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் டாக்டர் ஒருநாள் மாத்திரையைக் கூட்டப் போனவர் பேனாவை மூடினார். "சார், மாத்திரை வேலை செய்யுது. உங்க பயம் அதைவிட ஜாஸ்தியா வேலை செய்யுது. நைட்டு தூங்கறீங்களா?" என்றார்.  மனைவிதான் எல்லாவற்றையும் சொன்னாள். குழாயைத் திறந்துவிடுவது உட்பட. அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டர் வேலூரில் இருந்த மனநல டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதினார். "ரெண்டும் கூடவே வரும் சார். ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணை மட்டும் அடக்க முடியாது. வெக்கப்படறதுக்கு ஒண்ணுமில்ல."

வெளியே வந்ததும் மனைவி அந்தச் சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வேலூர்ல பிரஷர் ஸ்பெஷலிஸ்ட்டைப் பாக்கப் போறோம். யாரு கேட்டாலும் அதான்" என்றாள்.

"பொய்தானே?"

"பொய்யா இருந்தா இருக்கட்டும். மென்டல் டாக்டர்னு ஒருத்தன் வாயில வந்தா போதும். பொண்ணை வெச்சிருக்கோம்."

எங்கள் ஒரே மகளுக்கு அப்போது இருபத்திரண்டு. ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஜாதகம் வெளியே போயிருந்தது. மனைவி சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. ஊரை அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும்; அதை வைத்துத்தான் நான் பதினைந்து வருஷம் கட்டுரை எழுதினேன்.

வேலூர் டாக்டர் அதிகம் பேசவில்லை. தினம் காலையில் ஒன்று என்று ஒரு மாத்திரை கொடுத்தார். "மூணு வாரம் ஒண்ணும் தெரியாது. அதுக்காக விட்டுடாதீங்க. பிரஷர் மாத்திரையையும் விடக்கூடாது" என்றார். மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது வாரத்தில் அலுவலகக் கோப்பு ஒன்றில் 'மேற்படி இறந்துபோன மனுதாரர் நேரில் ஆஜராகி' என்று எழுதியிருந்ததைப் பார்த்து என்னை மீறிச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் பயந்து எழுந்து நின்றார். நான் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து வரன் வந்தது. பையன் சென்னையில் வேலை. நல்ல குடும்பம். ஜாதகம் பொருந்தியது. பெண்ணும் பையனும் கோயிலில் ஒரு தடவை பார்த்துப் பேசி, இருவருக்கும் பிடித்துவிட்டது. எல்லாம் சரி. பையனின் அப்பா முப்பது வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறார்.

இதை மனைவி எனக்குச் சொன்ன தொனியில், அவர் போலீஸ்காரர் என்று சொல்லியிருக்கலாம்.

மாத்திரை அட்டையைப் பார்த்தாலே எதற்கென்று தெரிந்துகொள்கிற மனிதர். வீட்டுக்கு வரப்போகிறவர். அலமாரியில் அட்டை கிடந்தால்? குப்பையில் காலி அட்டை கண்ணில் பட்டால்? ஆகவே அவள் ஒரு வேலை செய்தாள். இரண்டு மருந்து அட்டைகளிலிருந்தும் மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து, ஒரு எவர்சில்வர் சம்புடத்தில் ஒன்றாகப் போட்டு மூடினாள். வெறும் அட்டைகளை அடுப்பில் எரித்தாள். துப்பறியும் கதைகளில்கூட இவ்வளவு கவனமாகத் தடயத்தை அழித்து நான் படித்ததில்லை. இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம், ஏறக்குறைய ஒரே அளவு.

"நடுவுல கோடு போட்டிருந்தா பிரஷர். கோடு இல்லாதது மத்தது. தெனம் நானே எடுத்துத் தரேன்" என்றாள். அந்த 'மத்தது' என்ற சொல்லோடு இரண்டு மாதம் குடும்பம் நடத்தினோம்.

பையனின் அப்பா நாள் குறிக்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை. நிச்சயதார்த்தத்துக்குத் தேதி பார்க்கப் பெரியவர்கள் மட்டும் பேசுவதாக ஏற்பாடு. மனைவி விடியற்காலையிலிருந்து அடுப்படியில். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கருவியை நானே எடுத்து நானே பார்த்தேன். நூற்றெழுபத்திரண்டு. அப்பாவின் முகம் வந்து போனது. இன்றைக்கு, வரப்போகும் சம்பந்தி எதிரில், நான் கீழே விழுந்தால்? அவளைக் கூப்பிட்டால் அவளும் பதறுவாள் என்று சம்புடத்தை நானே திறந்தேன். கண்ணாடி எங்கேயோ. விரலால் தடவிப் பார்த்து, கோடு இருப்பது ஒன்று, இல்லாதது ஒன்று என்று விழுங்கினேன். ஐந்து நிமிஷம் கழித்துப் படபடப்பு அடங்கவில்லை. பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இன்னொன்று. வெறும் வயிறு.

பத்து மணிக்கு அவர் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. தனியாகத்தான் வந்திருந்தார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த நான், "வாங்க, வாங்க" என்று எழுந்தேன். எழுந்ததுதான் நினைவிருக்கிறது. அவர் முகம் தூரமாகப் போனது. கூரை பக்கத்தில் வந்தது.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். என் கால்களை நாற்காலியின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். வரப்போகும் சம்பந்தி என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார். மனைவி, "பிரஷர் ஏறிடுச்சுங்க, ஏறிடுச்சு" என்று அழுதுகொண்டிருந்தாள்.

"ஏறலம்மா. எறங்கிடுச்சு. எண்பதுக்கு அம்பதுதான் இருக்குது. தண்ணியில கொஞ்சம் உப்பு போட்டு எடுத்துனு வாங்க."

எங்கள் வீட்டில் ஒரு வருஷமாக உப்புக்கு அனுமதி இல்லை. மகள் பக்கத்து வீட்டுக்கு ஓடி ஒரு கைப்பிடி கல்லுப்பு வாங்கிவந்தாள்.

"காலையில என்ன மாத்திரை போட்டாரு? எத்தினி?" என்று அவர் கேட்டார்.

 மனைவியின் பார்வை அலமாரிக்குப் போனது. அவர் பார்வையும் பின்னாலேயே போனது. மகள்தான் போய்ச் சம்புடத்தை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தாள். "இதுல ரெண்டும் கலந்துருக்குதுங்க" என்றாள்.

அவர் திறந்து நாலைந்தை உள்ளங்கையில் கொட்டினார். வெளிச்சத்தில் காட்டினார். ஒரு விரலால் இரண்டு பக்கமாகத் தள்ளினார். ஒரு பக்கம் மூன்று, ஒரு பக்கம் இரண்டு. எனக்கு அப்போது குளிரெடுத்தது. ரத்த அழுத்தம் இன்னும் ஐந்து இறங்கியிருக்கும். அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மயக்கம் போல நடித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"ஆட்டோ கூப்பிடுங்க, டாக்டர்கிட்ட போயிடலாம்" என்று மட்டும் சொன்னார்.

கிளினிக்கில் சாயங்காலம் வரை படுக்க வைத்தார்கள். பிரஷர் மாத்திரை மூன்று போயிருக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் கோடு இல்லாதது என்று நினைத்து எடுத்ததிலும் கோடு இருந்திருக்கிறது. ரத்தக்கொதிப்புக்குப் பயந்து பயந்து, கடைசியில் அது இல்லாமல் விழுந்திருக்கிறேன். மனைவியும் மகளும் காப்பி வாங்கப் போனபோது பையனின் அப்பா என் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"அது மனசுக்குப் போடற மாத்திரைங்க. நாலு மாசமா சாப்பிடறேன். வேலூர்ல பாக்கறோம். உங்ககிட்ட மறைக்கணும்னுதான் டப்பால போட்டோம்" என்றேன்.

"தெரியுது. கீழ்பென்னாத்தூர்ல எத்தினி பேருக்கு இதைக் குடுக்கறேன் தெரியுமா? எல்லாரும் பிரஷருக்குனு சொல்லித்தான் வாங்கறாங்க. நானும் பிரஷருக்குனு சொல்லித்தான் குடுக்கறேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் நான் எதிர்பார்த்த அடுத்த வார்த்தை வரவில்லை.

"நான் கடைக்காரனாப் பேசறது வேற, பையனுக்கு அப்பனாப் பேசறது வேற. வீட்டுல சொல்லாம இருக்க என்னால முடியாது. சொல்லிட்டு, அவ என்ன சொல்றாளோ அதான். தப்பா நெனைக்காதீங்க."

"சொல்லுங்க. சொல்லித்தான் ஆவணும்" என்றேன். சொல்ல வேண்டாம் என்று காலைப் பிடிக்கலாமா என்றும் அதே நேரத்தில் யோசித்தேன்.

அந்த வாரம் மனைவி புது அட்டைகளை வாங்கிவந்து அலமாரியில் வெளிப்படையாக வைத்தாள். அதுதான் அவள் கேட்ட மன்னிப்பு. எனக்கு விழுங்கும்போதெல்லாம் ஒரே நினைப்பு. இதை விழுங்கினால் நான் பிழைப்பேன். ஆனால் இதை விழுங்குகிறேன் என்பதாலேயே மகளின் கல்யாணம் நின்றுபோகலாம். ஒரு நாள் காலையில் மாத்திரையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறியப் போனேன். மகள் பின்னால் நின்றிருந்தாள்.

"போடுங்கப்பா, ஸ்கூலுக்கு நேரமாவுது" என்று தண்ணீரை நீட்டினாள். நான் விழுங்கிய பிறகுதான் நகர்ந்தாள்.

"உனக்கு எப்பருந்து தெரியும்?"

"அம்மா சீட்டை மடிச்சி வெச்ச அன்னைக்கே. நாலா மடிச்சா படிக்க முடியாதா இன்னா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையனின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பூ இல்லை, பழம் இல்லை. அந்த அம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காப்பியைத் தொடவில்லை.

"கோச்சிக்காதீங்க. நேராவே கேக்கறேன். இது பரம்பரையா வருமா?" என்றார்.

டாக்டரிடம் இதையே நான் கேட்டிருந்தேன். "வந்தாலும் வரலாம், வராமலும் போவலாம்னு சொன்னாருங்க. பிரஷரும் அப்படித்தானாம்" என்றேன். என் நாடித் துடிப்பு என் காதிலேயே கேட்டது. ஒரு பெண்ணின் அப்பா சொல்லக்கூடிய பதிலா இது? 'வராது' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

மகள் யாரும் கூப்பிடாமல் அடுப்படியிலிருந்து வந்து கதவருகே நின்றாள். மனைவி கண்ணாலேயே உள்ளே போகச் சொன்னாள், போகவில்லை.

"எனக்கு வந்தா உங்க பையன்கிட்டதான் மொதல்ல சொல்லுவேங்க. அவருக்கு வந்தா அவரு எங்கிட்ட சொல்லுவாரா?"

 காரியம் முடிந்தது என்று நினைத்தேன். மனைவியின் விரல்கள் புடவைத் தலைப்பை முறுக்கின. அந்த அம்மாள் மகளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கணவரிடம் திரும்பினார்.

"கேக்கறா பாருங்க. அவன் ஜுரம் வந்தாலே சொல்ல மாட்டான். உங்களை மாதிரி."

"நான் எப்ப மறைச்சேன்?" என்றார் அவர்.

"வண்டியில விழுந்து முட்டி பேந்துட்டு மூணு நாள் வேட்டிய எறக்கிக் கட்டினு திரிஞ்சீங்களே, அதுக்கு இன்னா பேரு?"

 அந்த அம்மாள் எழுந்தார். "பையன்கிட்ட பேசிட்டுச் சொல்றோம்" என்று கிளம்பிவிட்டார். காப்பி அப்படியே ஆறிக் கிடந்தது. சிரித்தாரா, கோபமா என்று நாங்கள் மூவரும் மூன்று விதமாகச் சொன்னோம்.

நாலு நாள். தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் மனைவி என்னைப் பார்ப்பாள், நான் மகளைப் பார்ப்பேன், மகள் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டிருப்பாள். ஒரே தாளை அரைமணி நேரமாகத் திருத்துகிறாள் என்பது எனக்குத் தெரியும். கோப்பை அப்படிப் படித்தவன் நான். முடியாது என்று சொல்லிவிட்டால் இந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஐந்தாம் நாள் பையனின் அப்பாவே தொலைபேசியில் பேசினார். எடுத்தவுடன், "மாத்திரை போட்டீங்களா?" என்றார்.

"போட்டேங்க."

"எது எதுனு பாத்துப் போட்டீங்களா?"

"அட்டையிலருந்துதான்."

"பையன்கிட்ட அவன் அம்மா கேட்டா. 'அந்தப் பொண்ணு கேட்டதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க'னு அவன் திருப்பிக் கேக்கறான். வர்ற வெள்ளிக்கிழமை தட்டு மாத்திக்கலாம்." பிறகு சொன்னார்: "ஒரு விஷயம். என் வீட்டுக்காரி சொல்லச் சொன்னா. கல்யாணத்துக்கு வர்றவங்ககிட்ட இதைச் சொல்லணும்னு இல்ல. ஆனா எங்ககிட்ட இனிமே எதையும் பிரஷர்னு சொல்லக்கூடாது."

வெள்ளிக்கிழமை காலை எனக்கு நூற்றைம்பத்தாறு இருந்தது. குணமாகிவிட்டேன் என்று சொல்ல முடியாது. கூடத்தில் இரு பக்கத்து உறவுக்காரர்களும் நிறைந்திருந்தார்கள். இத்தனை பேருக்கு நடுவில் விழுந்துவிடுவேன் என்ற பயம் வந்துவிட்டது. லக்னப் பத்திரிகை வாசித்து முடித்தார்கள். நானும் சம்பந்தியும் எதிரெதிரே எழுந்து நின்றோம். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், புடவை எல்லாம் அடுக்கிய தாம்பாளத்தை அவர் என் பக்கம் நீட்டினார். கையில் வாங்கினேன்.  தேங்காய் தட்டின் விளிம்புக்கு உருண்டது. முதல் வரிசையில் யாரோ, "சாருக்குப் பிரஷர்" என்று மெல்லச் சொன்னார்கள்.

அவர் தட்டை விடவில்லை. தன் பக்கத்தைப் பிடித்தபடியே நின்றார். போட்டோக்காரர், "கைய எடுத்துடுங்க சார், இவர் மட்டும் பிடிச்சிக்கட்டும்" என்றார். "இருப்பா, அவசரமா?" என்றார் அவர். நான் மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விட்டு, மறுபடி இழுத்தேன். தட்டின் கனம் என் கைக்கு வந்ததும் தலையை ஆட்டினேன். அதற்கப்புறம்தான் கையை எடுத்தார்.